அரை நூற்றாண்டின் வரவு செலவு

மனிதன் ஒருவனை மற்றொருவனுக்கு அறிமுகம் செய்யும்போது, பெயரை அடுத்து நாம் கூறுவது அவனுடைய தொழிலையே. “இவர் வழக்கறிஞர்”, “இவர் துணி வணிகர்”, “இவர் சவூதியில் இருந்தவர்” என்கிறோம். பெண் வீட்டாரும் “மாப்பிள்ளைக்கு என்ன வேலை?” என்றே முதலில் வினவுகின்றனர். குணத்தைப் பற்றிய விசாரணை அதன் பின்னரே தொடங்குகிறது. சில வேளைகளில் தொடங்காமலே போய்விடுகிறது. பெயரோடு இவ்வாறு ஒட்டிக்கொண்டு நாற்பதாண்டுக் காலம் வாழும் தொழில், ஒரு நாள் மாலை ஒரு சால்வையுடனும் ஒரு கைக்கடிகாரத்துடனும் நம்மை வாயிலில் இறக்கிவிட்டுத் தன் வழியே சென்றுவிடுகிறது. அதன் பிறகு நாம் யார்? ஓடிய ஓட்டத்தில் நம்முடையது எவ்வளவு, காலத்தினுடையது எவ்வளவு? இக்கேள்வி இளமையில் எழுவதில்லை. எழுந்தாலும் அதற்கு விடை கூறத் தேவையான கணக்கு அப்போது நம் கையில் இருப்பதில்லை.

அக்கணக்கைப் பார்க்கும் வாய்ப்பொன்று 2023ஆம் ஆண்டில் நமக்குக் கிடைத்தது. திருச்சிராப்பள்ளி காஜாநகரில் 1951ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஜமால் முகம்மது கல்லூரியில் நாம் பட்டப் படிப்பை முடித்தது 1973ஆம் ஆண்டில். பள்ளி இறுதி வகுப்பு, அதன் பின் புகுமுக வகுப்பு ஓராண்டு, அதன் பின் பட்டப் படிப்பு மூன்றாண்டு என்றிருந்த காலம் அது. நம்முடைய பட்டச் சான்றிதழில் சென்னைப் பல்கலைக் கழகத்தின் முத்திரையே இருக்கும். பாரதிதாசன் பல்கலைக் கழகம் தோன்றியது 1982இல்தான். ஐம்பதாண்டு நிறைந்ததையொட்டி, திருச்சியிலேயே தங்கிவிட்ட நண்பர் ஒருவர் முயன்று முகவரிகளைத் தேடிப் பிடித்து, நம்மையெல்லாம் ஒரு நாள் ஒன்று கூட்டினார். வகுப்பில் இருந்தவர்கள் 42 பேர். வந்தவர்கள் 19 பேர்.

காலையில் அந்நண்பர் எழுந்து, பழைய குழுப்படம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, வரிசைப்படி ஒவ்வொருவர் பெயரையும் உரக்க வாசித்தார். வந்திருந்தவர்கள் மாணவர்களைப் போலவே எழுந்து நின்று குரல் கொடுத்தனர். ஒரு பெயரை வாசித்தபோது எவரும் எழவில்லை. “இரண்டாண்டாயிற்று” என்றது ஒரு குரல். இன்னொரு பெயருக்கு “துபாயிலேயே அடக்கமாகிவிட்டார்” என்ற விடை வந்தது. 11 பெயர்களுக்கு அவ்வாறு பிறர் விடை கூற வேண்டியதாயிற்று. அவர்களுள் முஸ்லிம்களும் இருந்தனர். இந்துக்களும் கிறிஸ்தவர்களும் இருந்தனர். ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் அக்கூடத்தில் சிறிது நேரம் மௌனம் நிலவிற்று.

முதியோர் கூடும் இத்தகைய கூட்டங்களுக்குச் சில கட்டங்கள் உண்டு போலும். முதற்கட்டத்தில் பதவிகள் பேசின. ஓய்வு பெற்றுப் பத்தாண்டு கழிந்த பின்னரும் “முன்னாள்” என்ற சொல்லைச் சிறிய எழுத்திலும் பதவியைப் பெரிய எழுத்திலும் அச்சிட்ட அட்டைகள் கைமாறின. இரண்டாம் கட்டத்தில் நோய்கள் பேசின. சர்க்கரை, கண்புரை, இருதய அறுவை என்று ஒருவருக்கொருவர் மருந்துகளின் பெயரைக் கூறிக்கொண்டனர். மூன்றாவதாகப் பிள்ளைகளின் பெருமை வந்தது. பகலுணவும் லுஹர் தொழுகையும் முடிந்து, மரநிழலில் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்த பின்னரே, மனிதர்கள் பேசத் தொடங்கினர்.

நட்பை மூவகையாகப் பிரித்தார் கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில்: பயன் கருதிய நட்பு, இன்பம் கருதிய நட்பு, குணம் கருதிய நட்பு. முதலிரண்டும் பயனோ இன்பமோ தீர்ந்ததும் தீர்ந்துவிடும் என்றார். எழுபது வயதில் ஒருவரிடம் ஒருவர் பெறுவதற்கு எந்தப் பயனும் இல்லை. மாணவர் விடுதியின் கேலியும் கும்மாளமும் எப்போதோ ஓய்ந்துவிட்டன. ஆகவே எஞ்சியிருந்தது எதுவோ அது மூன்றாம் வகையைச் சேர்ந்ததாகத்தான் இருக்க வேண்டும். அன்று பேசப்பட்டவற்றிலிருந்த உண்மைக்கு அதுவே காரணம் என எண்ணுகிறோம்.

அப்பேச்சில் முதலில் தெளிவானது, நம் வாழ்க்கைப் பாதைகளை வகுத்ததில் நம்முடைய பங்கு நாம் நினைத்திருந்ததைவிடச் சிறியது என்பதுதான். எங்களுள் பலருடைய தந்தையர் பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் வணிகம் செய்த சபுராளிகள். 1964இல் பர்மாவில் கடைகள் நாட்டுடைமையாக்கப்பட்டபோது, அத்தாமார்கள் வெறுங்கையுடன் கப்பலேறித் திரும்பினர். அக்கடைகளில் கல்லாவில் அமர வேண்டிய பிள்ளைகள் அதனால்தான் கல்லூரிக்கு வந்தனர். 1969 ஜூலையில் 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமையாயின. ஊருக்கு ஊர் கிளைகள் முளைத்தன. ஏழைப் பட்டதாரிகளுக்கு வங்கிக் கதவு திறந்தது. நாம் பட்டம் பெற்ற 1973ஆம் ஆண்டின் இறுதியில் எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்தது. வளைகுடா நாடுகள் கட்டடமும் சாலையும் துறைமுகமும் கட்ட ஆள் தேடின. 1978இல் தமிழகப் பள்ளிகளில் மேனிலை வகுப்புகள் தொடங்கின. அதுவரை வேலையின்றி அலைந்த முதுகலைப் பட்டதாரி நண்பர் ஒருவர் அந்த ஆண்டிலேயே ஆசிரியரானார். “நான் ஆசிரியப் பணியைத் தேர்ந்தெடுத்தேன் என்று 34 ஆண்டுகளாக மாணவர்களிடம் சொல்லி வந்தேன், உண்மையில் அரசாங்கத்து ஆணை ஒன்று என்னைத் தேர்ந்தெடுத்தது” என்று அவர் கூறியபோது எல்லோரும் சிரித்தோம். ஆயினும் ஒவ்வொருவரும் தத்தம் வாழ்வில் அவ்வாணைக்கு நிகரான ஒன்றைத் தேடத் தொடங்கினோம், எல்லோருக்கும் கிடைத்தது.

காலம் கொடுத்ததைப் போலவே பறித்தும் இருந்தது. குவைத்தில் பதினைந்தாண்டு உழைத்து, சிறு கடை ஒன்றுக்குப் பங்காளியான நண்பர், 1990 ஆகஸ்டு 2ஆம் நாள் காலையில் கண் விழித்தபோது தெருவில் இராக்கியப் படையைக் கண்டார். பாலைவனம் கடந்து ஜோர்டானுக்கு வந்து, அம்மான் நகரிலிருந்து ஒரு லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்களை ஏற்றி வந்த விமானங்களுள் ஒன்றில் பம்பாய் வந்து சேர்ந்தார். கையிலிருந்தது ஒரு பை. முப்பத்தேழு வயதில் மீண்டும் தொடங்கினார். அவருடைய திறமை ஆகஸ்டு முதல் நாளைக்கும் இரண்டாம் நாளைக்கும் இடையில் குறைந்துவிடவில்லை. அவ்வாறாயின், அதற்கு முன் அவர் ஈட்டியதைத் திறமையின் விளைவென்றும், பின்னர் இழந்ததை விதியின் விளைவென்றும் கூறுவது எவ்வாறு பொருந்தும்? வெற்றி வந்தால் “என் உழைப்பு”, தோல்வி வந்தால் “அல்லாஹ்வின் நாட்டம்” என்று கணக்கெழுதுபவன், வரவை ஒரு பேரேட்டிலும் செலவை மற்றொரு பேரேட்டிலும் எழுதும் வணிகனை ஒப்பான்.

சவூதியில் 28 ஆண்டுகள் பணியாற்றிய மற்றொரு நண்பர், தம்முடைய கணக்கை வேறு விதமாகப் போட்டுக் காட்டினார். இரண்டாண்டுக்கு ஒரு முறை இரண்டு மாத விடுமுறை. 28 ஆண்டுகளில் 14 விடுமுறைகள். அதாவது 28 மாதங்கள். “அவ்வளவு காலத்தில் நான் மனைவி மக்களோடு வாழ்ந்தது முழுதாக இரண்டரை ஆண்டுகூட இல்லை” என்றார். அவருடைய தாயார் மரணப் படுக்கையில் கிடந்தபோது வாயில் நீர் ஊற்றியது அவருடைய மனைவி. மனையை விலை பேசி, கொத்தனாரோடு வாதாடி, வீட்டைக் கட்டியதும் அவரே. மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்ததும், மகனுக்குக் காய்ச்சல் வந்த இரவுகளில் விழித்திருந்ததும் அவரே. “ஊரில் எல்லோரும் இது நான் கட்டிய வீடு என்கிறார்கள்” என்று கூறி அவர் நிறுத்திக்கொண்டார். எங்கள் குழுப்படத்தில் பெண்கள் இல்லை. எங்கள் பதவிகளைத் தாங்கிய அட்டைகளிலும் இல்லை. ஆயினும் அங்கிருந்த 19 பேருடைய ஐம்பதாண்டுக் கணக்கில் பாதிக்கு மேற்பட்ட உழைப்பு, பெயர் எழுதப்படாத அவர்களுடையது. இதை எழுபது வயதில் கண்டுபிடிப்பது பெருமைக்குரிய செய்தியன்று.

திண்டுக்கல்லைச் சேர்ந்த நண்பர், தம் குடும்பத்தாரின் தோல் பதனிடும் தொழிலை ஏற்று நடத்தியவர். ஆவாரம்பட்டையைக் கொண்டு பதனிட்ட பழைய முறை மறைந்து, குரோம் உப்புகளைக் கொண்டு பதனிடும் முறை பரவிய காலம் அது. தொழில் பெருகிற்று, பல குடும்பங்கள் அவரால் பிழைத்தன. ஆனால் கழிவுநீர் நிலத்தில் இறங்கிற்று. 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம், திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்து, மாசு செய்தவரே அதன் செலவை ஏற்க வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. நண்பர் அபராதத்தைச் செலுத்தினார். சுத்திகரிப்புக்கும் பணம் கட்டினார். “சட்டம் கேட்டதைக் கொடுத்துவிட்டேன். ஆனால் எங்கள் ஆலைக்கு அடுத்த தோட்டத்துக் கிணற்றின் நீர் உப்புக் கரித்துப் போயிற்று. அக்கிணற்றுக்காரர் என்னிடம் ஒரு நாளும் சண்டைக்கு வந்ததில்லை. ஸலாம் சொன்னால் பதில் ஸலாம் சொல்வார். அதுதான் என்னை உறுத்துகிறது. யாருக்கும் தீங்கு செய்ய வேண்டுமென்று நான் எண்ணியதே இல்லையே!” என்றார்.

இங்கே சிந்தனைக்குரிய ஒரு முடிச்சு இருக்கிறது. செயல்கள் எண்ணங்களைக் கொண்டே அமைகின்றன என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குத் தந்த அளவுகோல். அப்படியானால், தீய எண்ணமில்லாத நண்பர் ஏன் வருந்த வேண்டும்? 1976ஆம் ஆண்டில் பெர்னார்டு வில்லியம்ஸ் என்னும் ஆங்கிலத் தத்துவ அறிஞர் இதே முடிச்சை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கினார். ஒரு லாரி ஓட்டுநர். அவர்மீது எந்தத் தவறும் இல்லை. குறுக்கே ஓடி வந்த குழந்தை அடிபட்டு இறந்துவிடுகிறது. நாமெல்லாம் “உம்மீது குற்றமில்லை” என்று அவரைத் தேற்றுவோம், தேற்றவும் வேண்டும். ஆனால் அவர் உடனே தேறிவிட்டு, வழியில் நின்ற வேற்றாளைப் போல “பாவம்” என்று மட்டும் கூறிச் சென்றாரானால், அவரிடத்தில் ஏதோ குறை இருப்பதாகவே எண்ணுவோம். இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் இதனை நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தனர். அறியாமல் பிறர் பொருளை அழித்தவன்மீது பாவம் இல்லை. ஆனால் ஈடு கொடுக்கும் கடமை உண்டு என்றனர். தவறுதலாக நேர்ந்த கொலைக்கும் திருமறை நட்ட ஈடு விதிக்கிறது. எண்ணம் இறைவனுக்கும் அடியானுக்கும் இடைப்பட்ட கணக்கு. கிணற்று நீரோ அடுத்த தோட்டக்காரருடையது. இரண்டையும் ஒன்றால் மற்றொன்றைத் தீர்க்க இயலாது.

நண்பரிடம் இதைக் கூறினோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, “அப்படியானால் நான் போய்ப் பார்க்க வேண்டியது நீதிமன்றத்தை அல்ல, அவரை” என்றார். அப்போது நமக்கு ஏற்பட்ட வெட்கத்தை எழுத்தில் கூறுவது கடினம். ஏனெனில், பிறருக்கு இவ்வளவு தெளிவாக வழி காட்டிய நாம், நாமே போய்ப் பார்க்க வேண்டிய ஒருவரை, நான்கு நாற்காலிகளுக்கு அப்பால் வைத்துக்கொண்டு, காலையிலிருந்து கண்ணைத் தவிர்த்து வந்தோம்.

அவர் எங்கள் வகுப்பின் முதல் மாணவர். பாபநாசம் பகுதியில் ஒரு சிற்றூர்க்காரர். தேர்வு நெருங்கும் நாட்களில் விடுதியில் அவருடைய குறிப்பேட்டை நகல் எடுத்தே நாம் தேறினோம். 1973இல் விடைபெறும்போது அவர் நம்மிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே: “எங்கள் ஊருக்குப் பத்திரிகை வராது. வங்கி வேலைக்கு விளம்பரம் ஏதேனும் கண்டால் எனக்கு ஓர் அட்டை போடு.” அந்நாளில் ஒவ்வொரு வங்கியும் தானே விளம்பரம் செய்து ஆள் எடுத்து வந்தது. 1974இல் அத்தகைய விளம்பரம் ஒன்றை எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் கண்டோம். அன்று மாலையே நம் விண்ணப்பத்தை எழுதி முடித்தோம். நண்பருக்கு எழுத அஞ்சலட்டையும் எடுத்தோம். எடுத்தவுடன் ஓர் எண்ணம் தோன்றிற்று: அவர் எழுதினால் நிச்சயம் தேறுவார், நாம் எழுதினால் தேறலாம், தேறாமலும் போகலாம், இடங்களோ சில. அட்டை மேசையிலேயே கிடந்தது. கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னதாக, “இன்றுதான் பார்த்தேன், உடனே எழுதுகிறேன்” என்று எழுதித் தபாலில் சேர்த்தோம். அது அவர் கையில் கிடைத்தபோது நாள் கடந்துவிட்டது.

நாம் தேறினோம். எழுத்தராகச் சேர்ந்து, அதிகாரியாகி, கிளை மேலாளராகி, 2013இல் ஓய்வு பெற்றோம். அந்த ஊதியத்தில் தங்கைகளின் நிக்காஹ் நடந்தது, பிள்ளைகள் படித்தனர். இன்றும் மாதந்தோறும் ஓய்வூதியம் வருகிறது. நண்பர் தம் அத்தாவின் மளிகைக் கடையில் அமர்ந்தார். இன்றும் அங்கேயே அமர்ந்திருக்கிறார். நம் மகளின் நிக்காஹுக்கு வந்து, விருந்தினர்க்கு முன் நின்று பரிமாறிச் சென்றவர் அவர். அவர் ஒவ்வொரு முறை நம் கையைப் பற்றும்போதும் அந்த அட்டை நம் நினைவுக்கு வரும். சொல்லிவிடலாமா என்று தோன்றும். அவருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லி அவர் மனத்தைப் புண்படுத்துவானேன் என்று மனம் உடனே ஒரு சமாதானம் கூறும்.

இச்சமாதானத்தில் முழுப் பொய் இல்லை. புறம் பேசியவன், தான் பேசியதை அறியாத மனிதனிடம் சென்று சொல்லியே மன்னிப்புப் பெற வேண்டுமா, அன்றி அவனுக்காகப் பாவமன்னிப்புத் தேடினால் போதுமா என்பதில் அறிஞர்கள் வேறுபட்டுள்ளனர். சொன்னால் புதுப் பகை மூளும் எனில் சொல்லாமல் அவனுக்கு நன்மை செய்வதே மேல் என்ற கருத்தும் உண்டு. ஆனால் நம்முடைய மௌனம் நண்பரின் மனத்தைக் காக்கவா, நம்முடைய மதிப்பைக் காக்கவா? இக்கேள்வியை நேர்மையாகக் கேட்டபோது விடை ஒன்றாகத்தான் இருந்தது.

அஸர் தொழுகைக்குப் பின் அவரைத் தனியே அழைத்துச் சென்று கூறினோம். அவர் முழுவதும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“எனக்குத் தெரியும், மாப்பிள்ளை. அந்த மாசமே தெரியும். கடையிலே பொட்டலம் மடிக்கப் பழைய பேப்பர் கட்டு வாங்குவோமில்லையா? அதிலேயே அந்த விளம்பரம் இருந்தது. தேதியைப் பார்த்தேன். நீ தினமும் படிப்பகத்துக்குப் போகிறவன் என்பதும் எனக்குத் தெரியும்.”

“தெரிந்துமா இவ்வளவு காலம்...?”

“ஒரு வருசம் உன்னை மனசுக்குள்ளே ஏசிக்கொண்டுதான் இருந்தேன். அப்புறம் அத்தா மௌத்தாகிவிட்டார்கள். கடை முழுதும் என் தலையிலே. ஏசவும் நேரமில்லை.”

நமக்கு என்ன கூறுவதென்று தெரியவில்லை. நாக் குழறி, “எல்லாம் ரிஜ்க். அவனவனுக்கு எழுதியதுதானே கிடைக்கும்...” என்று தொடங்கினோம். அவர் நம் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“அதை நான் சொல்லிக்கொள்ளலாம். ஐம்பது வருசமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். நீ சொல்லக் கூடாது.”

மளிகைக் கடையிலிருந்து வந்த அவ்வொரு சொல், நாம் படித்த பல நூல்களைவிட அதிகமாக நமக்குக் கற்பித்தது. நேர்ந்துவிட்ட துன்பத்தைப் பொறுத்துக்கொள்ள விதியை நினைவு கூரலாம். செய்துவிட்ட தவறை மறைத்துக்கொள்ள அதனைத் துணைக்கு அழைக்கலாகாது என்று நம் முன்னோரான அறிஞர்கள் வகுத்த எல்லை இதுவே. அதே நம்பிக்கை, இழந்தவன் வாயில் பொறுமையாகிறது. பறித்தவன் வாயில் சாக்குப் போக்காகிறது. திருவள்ளுவரும் ஊழுக்கென ஓர் அதிகாரம் வகுத்தவர், ஆள்வினையுடைமைக்கெனத் தனியே மற்றோர் அதிகாரமும் வகுத்தார். ஒன்று கைமீறியதைப் பற்றியது. மற்றொன்று கையில் உள்ளதைப் பற்றியது. அஞ்சலட்டை நம் கையில் இருந்தது.

உரிய நேரத்தில் அட்டை போட்டிருந்தால் நண்பர் தேறியிருப்பாரா? நாம் தோற்றிருப்போமா? ஒருவேளை இருவருமே தேறி, ஒரே கிளையில் அடுத்தடுத்த மேசையில் அமர்ந்திருப்போமோ? எவருக்கும் தெரியாது. ஆயினும் அத்தவற்றின் அளவு அவ்விடையைச் சார்ந்திருக்கவில்லை. நம் வெற்றியின் பெரும்பகுதி காலத்தின் கொடை என்று முன்னர்க் கண்டோம். அவ்வாறாயின் ஒருவனுக்கே உரியதென எஞ்சுவது எது? கொடுத்த வாக்கைக் காத்தானா, மேசைக்கு எதிரே நின்ற ஏழையிடம் எவ்வாறு பேசினான், தன்னால் பிறர்க்கு நேர்ந்ததைத் தன்னுடையதென ஏற்றானா என்பன போன்ற சிறு செயல்களே எஞ்சுகின்றன. நாற்பதாண்டுப் பணியில் இவை எந்தப் பதவி உயர்வுக் குறிப்பிலும் இடம் பெறுவதில்லை.

பெருமக்கள் வரலாற்றிலும் இதனைக் காண்கிறோம். இமாம் கஸ்ஸாலி அவர்கள் பக்தாதின் நிஸாமிய்யா கல்விக்கூடத்தில் தலைமைப் பேராசிரியராக, புகழின் உச்சியில் இருந்தார்கள். கற்பிப்பதில் தம் நோக்கம் என்ன என்று தம்மையே சோதித்து, அது இறைவனுக்காக அன்றிப் புகழுக்காகவே இருப்பதைக் கண்டு, 1095இல் அப்பதவியைத் துறந்து வெளியேறினார்கள். பலர் இக்கதையை இத்துடன் முடித்துவிடுவர். ஆனால் 1106இல் அவர்கள் நைஷாப்பூரில் மீண்டும் கற்பிக்க அமர்ந்தார்கள் என்பதும் வரலாறு. செய்த வேலை அதேதான். செய்த மனம் வேறு. படைத்தலைமையிலிருந்து கலீபா உமர் (ரலி) அவர்களால் நீக்கப்பட்ட காலித் இப்னு வலீத் (ரலி) அவர்கள், அபூ உபைதா (ரலி) அவர்களின் கீழ் தொடர்ந்து போரிட்டார்கள். பதவி போயிற்று, பணி போகவில்லை. ஓய்வு பெற்ற நாள் முதல் தம்மை வெறுமையாக உணரும் நம் போன்றோர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

மறுமையில் அடியானின் பாதங்கள் சில கேள்விகளுக்கு விடை கூறாமல் நகரா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். ஆயுளை எதில் கழித்தாய், இளமையை எதில் செலவிட்டாய், பொருளை எவ்வழியில் ஈட்டி எவ்வழியில் செலவிட்டாய், கற்ற கல்வியைக் கொண்டு என்ன செய்தாய் என்பன அவை. இவற்றுள் “என்ன பதவி வகித்தாய்?” என்ற கேள்வி இல்லை. “எவ்வளவு ஈட்டினாய்?” என்பதும் இல்லை. பெண் வீட்டார் முதலில் கேட்கும் கேள்வி அங்கே கேட்கப்படவே போவதில்லை!

மாலையில் பிரியும்போது நண்பர் நம்மிடம் மீண்டும் ஒரு கோரிக்கை வைத்தார். அவருடைய பேத்தி பட்டப் படிப்பை முடித்துவிட்டு வங்கித் தேர்வுக்குப் படிக்கிறாள். “விளம்பரமெல்லாம் இப்போது அவள் கைப்பேசியிலேயே வந்துவிடுகிறது, அதற்கு நீ வேண்டாம். நேர்முகத்துக்கு எப்படிப் பேசுவது, வங்கியில் என்ன கேட்பார்கள் என்று அவளுக்குச் சொல்லிக்கொடு” என்றார். இப்போது வாரத்துக்கு இரு நாள், மஃரிபுக்குப் பின் ஒரு மணி நேரம், தொலைபேசியில் அச்சிறுமிக்குப் பாடம் சொல்லி வருகிறோம். இதனால் பழைய கணக்கு நேராகிவிட்டதென்று நாம் கருதவில்லை. அவர் மன்னித்தது அவருடைய பெருந்தன்மை. அதனால் நம் கடன் கடன் அல்லாது போய்விடாது. ஆனால் கடனை அறிந்துகொண்டே செலுத்துவதற்கும், இல்லாததுபோல் பாவித்து வாழ்வதற்கும் உள்ள வேறுபாட்டை இம்முதுமையில் அனுபவித்து உணர்கிறோம்.

இவ்விதழைக் கையில் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு நாம் கூற விரும்புவது ஒன்று. பழைய நண்பர்களைத் தேடிச் செல்லுங்கள். பதவியைச் சொல்லிக்கொள்ளவோ பிள்ளைகளின் பெருமையை விரித்துரைக்கவோ அன்று. கொடுக்க வேண்டியது ஏதும் எஞ்சியிருந்தால் கொடுத்துவிட்டு வருவதற்கு. அடியார்க்கு அடியார் பட்ட கடனை அவர்களிடமே தீர்க்க வேண்டும். எங்கள் குழுப்படத்தில் 11 பேருக்கு இனி எவரும் எதையும் கொடுக்க இயலாது. அவர்களுக்காகப் பிரார்த்திக்க மட்டுமே இயலும். திண்டுக்கல் நண்பர் ஊர் திரும்பிய மறுவாரம் தொலைபேசியில் பேசினார். கிணற்றுக்காரர் வீட்டுக்குச் சென்று வந்தாராம். என்ன பேசினார்கள் என்று அவர் கூறவில்லை, நாமும் கேட்கவில்லை. “நல்ல நேரத்தில் போனேன், அவருக்கும் வயதாகிவிட்டது” என்று மட்டும் சொன்னார்.

எல்லாம் வல்ல அல்லாஹ், பெயர் அழைக்கப்படும் நாளுக்கு முன்பாகவே தம் கணக்கைத் தாமே பார்த்துக்கொள்ளும் நல்லறிவை நம் அனைவருக்கும் அருள்வானாக!